வயிறு, சீனி, பிரசர் எல்லாம் கொஞ்சம்தான் கூட. இதற்கு நாடி இறுகுமா?

அப்பாவுக்கு 61 வயது, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தான் கூட, வயசானால் எல்லாருக்கும் நாடி, அதாவது இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகிற குழாய், இறுகும்தானே, ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் ‘கொஞ்சம்’தான் என்னை எழுத வைத்தது. உங்கள் அப்பாவும் நினைத்தால் மாத்திரை போடுகிற ஆளாகத்தான் இருப்பார்.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘கூகிள் டொக்டர்’ என்று கீழே எழுதப்போகிறவர்கள் எழுதட்டும். கிளினிக் வாங்கில் நான் இருந்த அளவுக்கு அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

எனக்கு பிரசர் 152/74. மனிசிக்கு அந்த 74இல் பெரிய சந்தோசம். “கீழது நல்லாத்தானே இருக்கு, மேலது வெயில்ல வந்ததால ஏறியிருக்கும்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர் பிள்ளைக்குப் பிடிக்காததும் அதே 74தான். நெஞ்சில் குழாய் வைப்பா என்று பார்த்தால், தையல் ரேப்பை எடுத்தா. விலா எலும்பு முடிகிற இடத்துக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றினா. சாரம் கட்டுகிற இடத்தில் இல்லை. அங்கே அளந்தால் எல்லாரும் மெலிவுதான். நான் மூச்சைப் பிடித்தேன். “ஐயா, வயித்த விடுங்க, அதுதான் எனக்கு வேணும்” என்றா. 99 சென்ரிமீற்றர்.

நம்மைப் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80தான் எல்லை. அதோடு வெறும் வயிற்றுச் சீனி 100, பிரசரில் மேலது 130 அல்லது கீழது 85, ட்ரைகிளிசரைட் என்கிற இரத்தக் கொழுப்பு 150, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ ஒவ்வொரு புள்ளி. நல்ல கொலஸ்ரோல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே போனால் இன்னொன்று. இடுப்போடு சேர்த்து ஐந்தில் மூன்று இருந்தால், இந்தக் ‘கொஞ்சங்கள்’ கூட்டாகச் சேர்ந்ததற்கு மெற்றபோலிக் சின்ட்ரோம் என்று பெயர். எனக்கு நாலு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ‘கொஞ்சம்’தான்.

இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய குழாயான பெருநாடி, இதயத்தின் ஒவ்வொரு அடிக்கும் விரிந்து, பிறகு சுருங்கி இரத்தத்தைத் தள்ளிக் கொடுக்கும். அந்த இழுவையைக் கொடுக்கிற எலாஸ்டின் நார் சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடும், தேய்ந்தால் ஈடு கிடையாது. வயதோடு எல்லாருக்கும் தேயும், அவ்வளவுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் சீனி கூடினால் அதே நாடிச் சுவரில் இருக்கிற கொலாஜன் என்ற கெட்டி நார்களில் ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். வயிற்றுக் கொழுப்பால் இன்சுலின் எடுபடாமல் போனால் நாடிச் சுவர் தளர்ந்து கொடுப்பதும் குறையும். பிரசர் வேறு மேலே நின்று அடிக்கும். வெயிலில் கிடந்த பம்ப் ஹோஸ் மாதிரி, வயதுக்கு முந்தியே இறுகிவிடும். விரியாததால் மேல் அளவு ஏறும். சுருங்கித் தள்ளாததால் கீழ் அளவு இறங்கும். 74 தனியே கெட்ட எண் இல்லை, 152க்குப் பக்கத்தில் நிற்பதுதான் பிரச்சினை. வயது போனவர்களுக்கு இந்த இடைவெளி 60ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இறுகின நாடி தாங்காத அந்த அடி, மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற நுண்குழாய் வரை போய் இடிக்கும். நாடி அலையின் வேகத்தை அளக்கிற மெசினும் உண்டு; செக்கனுக்கு 10 மீற்றரைத் தாண்டினால் இறுக்கம் என்பார்கள். நான் அதைக் கண்ணால் கண்டதில்லை. அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்து மேலதில் கீழதைக் கழித்துப் பாருங்கள், இப்போதைக்கு அது போதும்.

இறுகினது முழுக்க இளகாது. நடையும் இடுப்புக் குறைவும் ஓரளவு இளக்கும். என் இடுப்பு இப்போது 93, மேல் அளவு 138. தயிரை விடவில்லை, மட்டக்களப்பானிடம் அதைக் கேட்கக் கூடாது. அதில் கொட்டுகிற சீனியையும் கருவாட்டுப் பொரியலையும் பின்னேரப் பணிசையும் விட்டேன். மாத்திரையும் போடுகிறேன், ‘மருந்தில்லாமல் குணம்’ வாட்ஸ்அப் ஆட்கள் என்னை விட்டுவிடலாம்.

நடக்கச் சொல்வது லேசு. எங்கே நடப்பது? பொழுதுபட்டால் மெயின் ரோட்டில் கட்டாக்காலி மாடுகள் குடும்பத்தோடு படுத்திருக்கும். லைட் இல்லாமல் வருகிற மோட்டார் சைக்கிள் மாட்டுக்கு விலத்தி என் மேல் வரும். மாடு யாருடையது என்று ஊருக்கே தெரியும், கேட்டால் ஒருவருக்கும் மாடே இல்லை. பிடித்துக் கட்டினால் மட்டும் “ஐயோ என்ட மாடு” என்று ஓடி வருவார்கள். அதனால் இப்போது விடியக் கடற்கரையில் நடக்கிறேன். அங்கே மாடு இல்லை, நாய்தான்.