வீதி யாருடையது, பணம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

உள்ளூர் வீதிகளின் நிலை பற்றி வன்னியின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஐந்தைத் தெரிந்து இவ்விதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குச் செல்லும் உள்வீதி மாரியில் சேறாகி, பிள்ளைகள் பாடசாலைக்குப் போக முடியாமல் தவிக்கிறார்கள். ஓர் அலுவலகத்திற்குச் சென்றால் அது மற்றைய அலுவலகத்தின் வீதி என்கிறார்கள். அங்கு சென்றால் முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் யாரிடம் கேட்பது? – ஒரு தாய், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: இலங்கையில் ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் மத்திய அரசின் கீழுள்ள வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ34 ஆகியவை இவ்வகையின. ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. இவற்றுக்குக் கீழே, ஊருக்குள் வீடுகளையும் பாடசாலைகளையும் இணைக்கும் பெரும்பாலான வீதிகள் பிரதேச சபைக்கு உரியவை. கிளிநொச்சி நகரத்துக்குத் தனியான நகர சபை இல்லை என்பதால், நகரின் உள்வீதிகளும் சுற்றியுள்ள கிராமங்களின் வீதிகளும் கரைச்சிப் பிரதேச சபையின் ஒரே வரவு செலவுத் திட்டத்திலிருந்துதான் பராமரிக்கப்பட வேண்டியுள்ளன.

வன்னியில் சிக்கல் இத்துடன் முடிவதில்லை. குளக்கட்டு வழியாகவும் வாய்க்கால் ஓரமாகவும் செல்லும் பாதைகள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும், வயல்களுக்குச் செல்லும் பாதைகள் பல கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை. குடியேற்றத் திட்டங்களாக உருவான ஊர்களில், அளவைப் படத்தில் பாதையாகக் காட்டப்பட்டிருந்தும் எந்தச் சபையின் வீதிப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒழுங்கைகள் உள்ளன. பதிவேட்டில் இல்லாத வீதிக்குச் செலவு செய்தால் கணக்காய்வில் கேள்வி எழும் என்பதால், மனமிருக்கும் உத்தியோகத்தரும் அதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குவார். ஆகவே, வீதியைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பதற்கு முன், இந்த வீதி எந்த நிறுவனத்தின் பதிவேட்டில், எந்தப் பெயரில், என்ன நீளத்திலும் அகலத்திலும் உள்ளது என்று எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் உள்ள தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் உங்கள் விண்ணப்பத்தைப் பற்றி முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியை அனுப்புங்கள். இரண்டும் இல்லை என்று எழுதித் தந்தால், அந்த இரு கடிதங்களையும் இணைத்து, வீதியைப் பதிவேட்டில் சேர்த்து வர்த்தமானியில் அறிவிக்கும்படி பிரதேச சபையைக் கோருங்கள். வாய்வழியாக இரண்டு பக்கமும் அலைவதை விட இது வேகமான வழி என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் சபைக்கு வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் ஏன் வீதி போட முடியவில்லை? – ஒரு வர்த்தகர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: நியாயமான கேள்வி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்கு வருமானம் திரட்டும் அதிகாரத்தை வழங்கியுள்ளது. ஆனால், அந்த வழிகள் ஒவ்வொன்றும் வன்னியில் மெலிந்து கிடக்கின்றன. ஆதன வரியை எல்லா வீடுகளிலும் அறவிட முடியாது. அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்ட இடங்களில், விலைமதிப்புத் திணைக்களம் ஆதனங்களை மதிப்பிட்ட பின்னரே அறவிடலாம். போரின் இறுதி ஆண்டுகளில் மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்து, கூரையும் சுவரும் அழிந்து, மீளக் குடியமர்ந்த மண் இது. அத்தகைய இடத்தில் வரி இடாப்பைப் புதிதாகக் கட்டியெழுப்பக் காலம் பிடித்ததில் வியப்பில்லை.

காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையின் பங்கு, மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சிச் சபைகளுக்கு வரும் மற்றொரு வருமானம். உறுதிக் காணிகள், அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணிகள், நிறைந்த யாழ்ப்பாணத்தில் இது கணிசமானது. வன்னியிலோ பெருமளவு காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்புப் பத்திரத்திலோ மக்களிடம் உள்ளது. அவற்றை அனுமதியின்றி விற்க முடியாது என்பதால் காணி கைமாறுவதும் குறைவு, தீர்வையும் குறைவு. பரப்பளவில் மிகப் பெரிய சபைகள் மிகச் சிறிய வருமானத்துடன் மிக நீண்ட வீதிகளைச் சுமக்கின்றன. நம் பகுதி வீதிகளைப் பற்றிப் பேசுவோர் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

எனவே பெரிய வேலைகள் எல்லாம் வெளிப் பணத்தில்தான் நடக்கின்றன: மாகாணத்துக்குக் குறித்தொதுக்கப்படும் அபிவிருத்தி நிதி, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அமைச்சுகளின் கிராமிய வீதித் திட்டங்கள், உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற, நெல்சிப் எனப்பட்ட வடக்குக் கிழக்கு உள்ளூர்ச் சேவைகள் மேம்பாட்டுத் திட்டம் போன்றவை. இவற்றில் பெரும்பாலானவை புதிதாக வீதி அமைக்கவே பணம் தருகின்றன. அமைத்த வீதியைக் காப்பதற்குத் தருவதில்லை. திறப்பு விழா நடந்த மறுநாளே அந்த வீதி, வருமானம் குறைந்த சபையின் தோளில் ஏறிவிடுகிறது. ஆகவே நீங்கள் கட்டும் வரியில் புதிய காப்பெட் (தார்க் கலவை இட்ட) வீதியை எதிர்பார்க்க வேண்டாம். அந்த வரியில் ஒரு நிலையான பங்கு குழி அடைப்பதற்கும், வடிகால் துப்புரவுக்கும், மதகு திருத்தத்துக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். அது உங்கள் பணத்தால் நிச்சயமாக முடியும். முழு ஆண்டு ஆதன வரியையும் ஜனவரி 31 இற்கு முன் செலுத்தினால் 10 சதவீதக் கழிவு உண்டு. சபைக்கும் ஆண்டின் தொடக்கத்திலேயே கையில் பணம் கிடைக்கும்.

கேள்வி: வெயில் காலம் முழுவதும் சும்மா இருந்துவிட்டு, கார்த்திகை மழைக்குள் ஏன் வீதி வேலை செய்கிறார்கள்? – ஒரு விவசாயி, வவுனியா வடக்கு

பதில்: மழைக்குள் வேலை செய்யும் நோக்கம் எவருக்கும் இருப்பதில்லை. அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு உறுதியாகி, மதிப்பீடு தயாராகி, விலைமனு கோரி, ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டு, திறைசேரியிலிருந்து கட்டுநிதி, அதாவது செலவுக்கான பணம், வந்து சேரும்போது ஆண்டின் பாதி கழிந்துவிடும். ஆண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பிவிடும் என்ற அச்சம் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. நமக்கோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வட கீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. இரண்டு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று மோதுகின்ற இடத்தில் நம் வீதிகள் கிடக்கின்றன. ஈரமான அடித்தளத்தின் மேல் கிறவலை எவ்வளவு உருட்டினாலும் அது இறுகாது. ஈரக் கல்லில் தாரும் பிடிக்காது.

இதற்குச் செய்யக்கூடியது உண்டு. அடுத்த ஆண்டு திருத்த வேண்டிய வீதிகளின் மதிப்பீட்டையும் விலைமனு ஆவணங்களையும் முந்தைய ஆண்டே முடித்து வைத்திருந்தால், நிதி உறுதியான உடனேயே ஒப்பந்தம் வழங்கி, வைகாசி முதல் ஆவணி வரையான வரண்ட மாதங்களில் வேலையை முடிக்கலாம். சிறிய வேலைகளை, வரையறுக்கப்பட்ட தொகைக்குள், கிராம அபிவிருத்திச் சங்கத்திடமோ கமக்காரர் அமைப்பிடமோ நேரடியாக ஒப்படைப்பதும் காலத்தை மிச்சப்படுத்தும். தம் வாசலில் செல்லும் வீதி என்பதால் சங்க உறுப்பினர்கள் தரத்தையும் கவனிப்பார்கள்.

கேள்வி: மணலும் கிறவலும் ஏற்றிச் செல்லும் டிப்பர்கள்தான் எங்கள் வீதியை அழிக்கின்றன என்கிறோம், சாரதிகள் மறுக்கிறார்கள். எது சரி? – ஓர் இளைஞர், மாங்குளம்

பதில்: நீங்கள் சொல்வது சரி. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடத்தப்பட்ட பெரும் வீதிச் சோதனையில், வாகனத்தின் சக்கர அச்சின் மீதுள்ள சுமை இரட்டிப்பானால் வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று கண்டறியப்பட்டது. நாள் முழுவதும் செல்லும் மோட்டார் சைக்கிள்களை விட, அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு டிப்பர் செய்யும் கேடு பெரிது. கனிய அகழ்வுக்கும் கொண்டுசெல்வதற்கும் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. எந்த வீதியால், எவ்வளவு சுமையுடன் செல்லலாம் என்பதையும் அனுமதி வழங்கும் வேளையிலேயே நிபந்தனையாக்கும்படி உங்கள் சங்கம் பிரதேச செயலகத்தில் வலியுறுத்தலாம்.

கேள்வி: எங்கள் வட்டாரத்துக்கு ஒரு வீதிக்கு மட்டும் பணம் கிடைக்கும் என்கிறார்கள். காப்பெட் கேட்பதா, கொங்கிரீட் கேட்பதா, கிறவல் போதுமா? – கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், துணுக்காய்

பதில்: முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மாரியில் ஒரு நாள் சங்கத்தார் வீதி நெடுகிலும் நடந்து, வெள்ளம் எந்த இடத்தில் குறுக்கே பாய்கிறது, எந்த மதகு அடைபட்டுள்ளது, எந்த வேலி வடிகாலுக்குள் வந்துவிட்டது என்பவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். கிறவல் வீதியின் நடுப்பகுதி உயர்ந்து, ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஓரத்தை நோக்கிச் சரிய வேண்டும். ஓரத்தில் விழுந்த நீர் தடையின்றி ஓட வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், வாகனம் குறைந்த வீதிக்குக் கிறவலே பல ஆண்டுகள் போதும். மோட்டார் கிரேடர் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை சீர்செய்தாலும் போதும்.

நீர் தேங்குவதைத் தவிர்க்க முடியாத தாழ்வான துண்டுகளுக்குக் கொங்கிரீட் பொருத்தம். தார் மேற்பரப்பு நீரில் ஊறினால் கல்லிலிருந்து பிரிந்துவிடும். கொங்கிரீட் அதைத் தாங்கும். ஆனால் நம் வெயிலில் கொங்கிரீட் இட்ட பின், குறைந்தது 7 நாட்களுக்கு ஈரச் சாக்கோ வைக்கோலோ மூடித் தண்ணீர் ஊற்ற வேண்டும். முழு வலிமை பெற 28 நாட்கள் தேவை. இந்த வேலையில்தான் அவசரம் காட்டி அதிகம் பிழை விடுகிறார்கள். காப்பெட், பேருந்தும் பாரவண்டியும் ஓடும் வீதிகளுக்கு உரியது. ஒழுங்கைகளுக்கு அதைக் கேட்டுப் பெறுவது, வேறொரு வீதியின் பணத்தை வீணாக்குவதாகும்.

முழு வீதிக்கும் ஒரே வகை என்று கேட்காமல், இத்தனை மீற்றர் தாழ்வான பகுதிக்குக் கொங்கிரீட், இரண்டு மதகுகள், எஞ்சியதற்குக் கிறவல் என்று பிரித்துக் கேளுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு தயாரிக்க வரும்போது உங்கள் குறிப்புடன் கூட நடந்து செல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் டிசம்பருக்குள் நிறைவேற்றப்பட வேண்டும் என்பதால், கோரிக்கைக் கடிதம் ஆவணி முடிவதற்குள் தவிசாளருக்கும் உங்கள் வட்டார உறுப்பினருக்கும் கிடைத்திருக்க வேண்டும். கார்த்திகையில் கொடுக்கும் கடிதம் அதற்கடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும்.