வீட்ட சூடாக்கற கேஸ் ஃபர்னஸ் பத்திக்குது, நாலஞ்சு செகண்ட்ல தானா அணைஞ்சிடுது. ஆள கூப்பிடறதுக்கு முன்னாடி நாமளே என்ன பாக்கலாம்?

முதல்ல ஒண்ணு, கேஸ் வாசனை வந்தா இதையெல்லாம் படிச்சிட்டு இருக்காதீங்க, லைட் சுவிட்ச கூட தொடாம வீட்ல இருக்கறவங்கள கூட்டிட்டு வெளிய போய், வெளிய நின்னு கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணுங்க. வாசனை இல்லன்னா மேல படிங்க.

ஃபர்னஸ் ஒரு வரிசைல தான் வேலை செய்யும், அந்த வரிசை தெரிஞ்சா பாதி கோளாறு காதாலயே பிடிபட்டுடும். ரூம் சூட்ட செட் பண்ற தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், ஃபர்னஸுக்குள்ள இருக்கற கண்ட்ரோல் போர்டு முதல்ல இன்டியூசர்ங்கற சின்ன ஃபேன ஓடவிடும், அது புகைய வெளிய இழுக்கற ஃபேன். இழுவை சரியா இருந்தா ப்ரெஷர் சுவிட்ச் மூடி கரண்ட போக விடும், அது மூடினா தான் பத்த வைக்கற இக்னைட்டர் செவக்கும், அப்புறம் டக்குனு கேஸ் வால்வு திறந்து பர்னர் பத்தும், தீ இருக்குன்னு ஃப்ளேம் சென்சார் சொல்லணும், அதுக்கு அப்புறம் அரை நிமிஷத்துலயோ ஒரு நிமிஷத்துலயோ பெரிய ப்ளோயர் ஓடி சூடு காத்து வரும். எந்த இடத்துல நிக்குதோ அங்கயும் அதுக்கு முந்தின படியிலயும் தான் தேடணும்.

உங்க விஷயத்துல தீ பத்திடுச்சு, அதனால தெர்மோஸ்டாட், இன்டியூசர், இக்னைட்டர், வால்வு நாலும் தப்பிச்சாச்சு. நாலஞ்சு செகண்ட்ல அணையுதுன்னா தீ எரியறது போர்டுக்கு தெரியல, எரியாத கேஸ் உள்ள சேர்ந்துடக் கூடாதுன்னு அதுவா வால்வ மூடுது. சில தடவை முயற்சி பண்ணிட்டு லாக்அவுட் ஆயி நின்னுடும், நெறைய மாடல்ல ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப ட்ரை பண்ணும். அப்போ சந்தேகம் நேரா ஃப்ளேம் சென்சார் மேல.

அது ஒண்ணும் பெரிய சாமான் இல்ல, பீங்கான் அடி வச்ச ஒரு மெல்லிசு கம்பி, பெரும்பாலும் இக்னைட்டருக்கு எதிர்ப்பக்க கடைசி பர்னர் முன்னாடி தீக்குள்ள நீட்டிட்டு இருக்கும், ஒரு வயர், ஒரே ஒரு ஸ்க்ரூ. தீ வழியா சில மைக்ரோ ஆம்ப் கரண்ட் ஓடறத வச்சு தான் போர்டு தீ இருக்குன்னு நம்புது. கம்பி மேல வெள்ளையாவோ சாம்பல் கலர்லயோ ஒரு படலம் படிஞ்சா அந்த துளி கரண்டும் போகாது, பார்க்க சுத்தமா தெரியற கம்பி கூட படலத்தோட இருக்கும், அதனால கண்ண நம்பாதீங்க. கரண்ட் சுவிட்ச அணைச்சு, கேஸ் குழாயயும் மூடிட்டு, கழட்டி, மெல்லிசான ஸ்டீல் வுல் இல்ல பாத்திரம் தேய்க்கற பச்ச நார் வச்சு பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ங்க, சுத்தமான துணியால துடைச்சு திரும்ப மாட்டுங்க. உப்புத்தாள் வேண்டாம், அது போடற கீறல்ல அழுக்கு இன்னும் சீக்கிரம் ஒட்டும். தேய்க்கும்போது பீங்கான்ல விரிசல் இருக்கான்னும் பாருங்க, இருந்தா தேய்ச்சு பிரயோஜனம் இல்ல, புதுசு தான். பக்கத்துல இருக்கற இக்னைட்டர மட்டும் கையால தொடாதீங்க, அது லேசா தட்டினாலே உடையும், விரல் எண்ணெய் பட்டாலும் அந்த இடத்துல சீக்கிரம் போயிடும்.

தேய்ச்சும் அதே கதைன்னா பர்னர் பக்கத்து கிரவுண்ட் வயர் துருப்பிடிச்சு லூசா இருக்கலாம், இல்ல யாராவது வயரிங் பண்ணும்போது லைனும் நியூட்ரலும் மாறிப் போயிருக்கலாம், அப்படி இருந்தா நெறைய போர்டு தீய கண்டுக்காது. இது எலக்ட்ரீஷியன் வேலை.

இன்னொரு விஷயம், ஃபர்னஸ் கதவ திறக்கறதுக்கு முன்னாடி சின்ன கண்ணாடி ஓட்டை வழியா போர்டுல லைட் எத்தன தடவ மின்னுதுன்னு எண்ணிக்கோங்க. கதவ எடுத்தா டோர் சுவிட்ச் கரண்ட துண்டிச்சிடும், சில போர்டுல அந்த மின்னற கணக்கே அழிஞ்சிடும். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும், முக்காவாசி பேர் அத படிக்கறதே இல்ல.

வேற மாதிரி நின்னா சுருக்கமா சொல்றேன். சத்தமே இல்லன்னா தெர்மோஸ்டாட் பேட்டரி, பிரேக்கர், கதவு சரியா மூடியிருக்கா, அப்புறம் போர்டுல இருக்கற 3 இல்ல 5 ஆம்ப் ஃப்யூஸ், கார்ல போடற அதே தட்டை ஃப்யூஸ் தான், மாத்தினதும் திரும்ப போச்சுன்னா எங்கயோ வயர் ஷார்ட். இன்டியூசர் ஓடுது ஆனா இக்னைட்டர் செவக்கலன்னா வெளிய போற பைப்ப பனி, இலை, கூடு எதாவது அடைச்சிருக்கா பாருங்க, ஹை எஃபிஷியன்சி மாடல்னா தண்ணி வடியற ட்ரெயின் அடைச்சாலும் இதே தான் நடக்கும். ப்ரெஷர் சுவிட்ச ஒரு வயர் போட்டு பைபாஸ் பண்ணி ஓட்டற வீடியோ எல்லாம் சுத்துது, தயவு செஞ்சு அத செய்யாதீங்க, புகை வெளிய போகலன்னு சொல்றதுக்கு தான் அந்த சுவிட்சே இருக்கு. நல்லா கொஞ்ச நேரம் எரிஞ்சிட்டு பர்னர் மட்டும் நின்னு ப்ளோயர் ஓடிட்டே இருந்தா ஃபில்டர் அடைச்சு உள்ள சூடு ஏறி லிமிட் சுவிட்ச் கட் பண்ணுது, ஃபில்டர மாத்துங்க, மூடி வச்ச வென்ட் எல்லாம் திறந்து விடுங்க.

தீ நீலமா இல்லாம மஞ்சளா ஆடினாலோ, ரோல்அவுட் சுவிட்ச் ட்ரிப் ஆகி விழுந்திருந்தாலோ கை வைக்காதீங்க, அணைச்சிட்டு ஆள கூப்பிடுங்க. ரோல்அவுட் விழுந்துச்சுன்னா பர்னர் இருக்கற பெட்டிய விட்டு தீ வெளிய வந்திருக்குன்னு அர்த்தம், பட்டன அமுக்கிட்டு ஓட்டற விஷயம் இல்ல. புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது, டிடெக்டர் இல்லன்னா ஃபர்னஸ் ஓடுதோ இல்லையோ அத முதல்ல வாங்குங்க.

ஆள் வந்தா 'வேலை செய்யல'ன்னு மட்டும் சொல்லாம, பத்திக்குது, இத்தன செகண்ட்ல அணையுது, லைட் இத்தன தடவ மின்னுதுன்னு சொல்லுங்க. வந்தவர் மீட்டர் வச்சு சென்சார் மைக்ரோ ஆம்ப அளக்காமயே போர்டு போச்சு மாத்தணும்னு ஆரம்பிச்சா, அளந்து காட்டுங்கன்னு கேளுங்க. அளக்க மாட்டேன்னா நான் வேற ஆள தான் பாப்பேன்.