பத்து நாள் உடை மாற்றாதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்றைய சீனம் ஓரளவு வாசிப்பேன். அந்தத் துணிவில் ‘ஷாங்ஹான் லுன்’ என்ற பழைய சீன மருத்துவ நூலை எடுத்தேன். ‘பத்து நாள் உடை மாற்றாவிட்டாலும் துன்பமில்லை’ என்று ஒரு வரி வருகிறது. எல்லாம் தெரிந்த எழுத்துகள்தான், பொருள் பிடிபடவில்லை. இதையெல்லாம் எப்படி வாசிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘கெங் யி’, அதாவது உடை மாற்றுதல், மலங்கழிக்கப் போவதற்கு அன்றைய இடக்கரடக்கல். நாம் ‘கொல்லைக்குப் போனார்’ என்பதுபோல. முந்தைய தொடரிலேயே சாவி இருக்கிறது: சிறுநீர் அடிக்கடி போனால் மலம் இறுகியிருக்கும். அதனால் பத்து நாள் போகாவிட்டாலும் நோயாளிக்கு வேதனையில்லை. அடுத்த தொடரும் தாகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறதே தவிர, பேதி மருந்து கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு வரியைத் தனியே பிய்த்து வாசித்தால் இது தெரியாது.

இன்றைய சீனம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் இடறுகிறார்கள். ‘ஷாங்ஹான்’ இன்று டைபாய்டு. கி.பி. 200ஐ ஒட்டி மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் இந்த நூலை எழுதிய காலத்தில் அது குளிர் தாக்கி வரும் காய்ச்சல்களுக்குப் பொதுப்பெயர். ‘ஹுவோலுவான்’ இன்று காலரா. நூலிலோ வாந்தியும் பேதியும் திடீரென்று சேர்ந்து வந்தாலே அந்தப் பெயர்தான். ஒரே எழுத்தை ‘அ’ என வாசித்தால் தீமை, ‘வூ’ என வாசித்தால் வெறுப்பு. ‘வூ ஹான்’ என்பது குளிர் பொறுக்காமை. ‘தீய குளிர்’ என்று எடுத்தால் நோய்க்குறியே காணாமல் போய்விடும்.

பழம்பிரதியில் நிறுத்தற்குறி கிடையாது. ‘ஜெ’ என்ற எழுத்தைத் தேடுங்கள். பல பத்திகளில் நோய்க்குறிகளின் பட்டியல் அங்கே முடியும், பிறகு மருந்தின் பெயர் வரும். கடைசியில் ‘ஜூ ஜி’ இருந்தால் இதுவே உரிய மருந்து என்ற உறுதி. ‘யி’ என்றால் பொருத்தமானது, ‘கெ யூ’ என்றால் கொடுக்கலாம். இந்த ஏற்ற இறக்கத்தை மொழிபெயர்ப்பில் தொலைத்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அளவுகளிலும் கவனம் வேண்டும். நூல் எழுதப்பட்ட ஹான் வம்ச காலத்து எடையான ஒரு லியாங் ஏறக்குறைய 14, 15 கிராம். பிற்காலத்துச் சிங் வம்சத்தில் 37 கிராம். முகத்தலளவையான ஷெங் அன்று 200 மி.லி., பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டர்.

12ஆம் பத்தியிலிருந்து தொடங்குங்கள். இலவங்கப்பட்டை மரக் கிளைக் கஷாயம்: கிளை 3 லியாங், 7 ஷெங் தண்ணீர், இளந்தீயில் மூன்றாக வற்றவேண்டும், ஒரு வேளைக்கு ஒரு ஷெங். குடித்ததும் சூடான நீர்க்கஞ்சி, பிறகு போர்வை. வியர்வை லேசாகக் கசியவேண்டும், தண்ணீராய் ஓடக் கூடாது. முதல் வேளையிலேயே குணமானால் மிச்சத்தைக் குடிக்க வேண்டியதில்லை. வாசிப்பதற்காகத்தான் இந்தக் கணக்கு, காய்ச்சிக் குடிப்பதற்கு அல்ல.