பழைய பைக்கில் இன்ஜின் வேலை: போர் செய்தால் போதுமா, பெரிய பிஸ்டன் போட்டு சிசி ஏற்றலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பைக் பழசு, நிறைய ஓடிவிட்டது, ஆயில் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். (போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்துளை, போர் செய்வது அந்தத் துளையைக் கடைந்து பெரிதாக்குவது.) எப்படியும் இறக்கத்தான் போகிறோம், அப்படியே பெரிய பிஸ்டன் போட்டு கொஞ்சம் பவரையும் ஏற்றிக்கொள்ளலாமா?

முதலில் கம்பெனி கொடுத்த அளவுக்கு இன்ஜினைத் திரும்பக் கொண்டு வாருங்கள், பவரை அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் என் பதில். தேய்ந்த இன்ஜினோடு வருஷக்கணக்கில் ஓட்டியவர்களுக்கு அந்த வண்டி புதிதில் எப்படி இழுத்தது என்பதே மறந்து போயிருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டருக்கு மேலே திறந்து மூடும் வால்வும் ஒழுங்காக அடைத்துக்கொண்டாலே நீங்கள் எதிர்பார்க்கிற வித்தியாசத்தில் பெரும்பகுதி வந்துவிடும். அதோடு, "மொத்தமா மாத்திடலாம்" என்பவரிடமும் "ரிங் மட்டும் போட்டா போதும்" என்பவரிடமும் ஒரே அளவு ஜாக்கிரதையாக இருங்கள். அளந்து பார்க்காமல் சொன்னால் இரண்டுமே வெறும் ஊகம்.

நீங்கள் மாடல் சொல்லவில்லை. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கழற்றுவதற்கு முன்னால் புகையைக் கவனியுங்கள். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அது கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் விவகாரம், அதற்காக இன்ஜினைத் தொட வேண்டாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவி வெறும் நீராவி. நீலப் புகை என்றால்தான் ஆயில் எரிகிறது. அதிலும் எப்போது வருகிறது என்று பாருங்கள்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று தள்ளிவிட்டு நின்றுபோனாலோ, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு வந்து மறுபடி முறுக்கும்போது வந்தாலோ பெரும்பாலும் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்), அல்லது வால்வு கைடு (அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழாய்). முறுக்க முறுக்க, லோடில், விடாமல் வந்தால் ரிங்கும் போரும். வெறும் வால்வு சீல் போன வண்டிக்கு முழு போர் வேலை பார்த்துவிடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு, முள் அதற்கு மேல் ஏறாது என்கிற வரை கிக் அடிக்க வேண்டும். எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டாவது முறை எண் நன்றாக ஏறினால் ரிங்-போர் பக்கம் ஒழுகுகிறது, ஏனென்றால் அந்த ஆயில் ரிங்கைச் சுற்றிக் கொஞ்ச நேரத்துக்கு அடைத்துவிடும். எண் அசையவே இல்லை என்றால் வால்வு, அல்லது ஹெட் பேக்கிங் (சிலிண்டருக்கும், வால்வுகள் உள்ள அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு). சில இன்ஜின்களில் சுலபமாக ஸ்டார்ட் ஆவதற்காக வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும் டீகம்ப்ரஷன் ஏற்பாடு கேம் ஷாஃப்டிலேயே இருக்கும். அதில் எப்போதுமே எண் குறைவாகத்தான் காட்டும், பயந்துவிடாதீர்கள். காற்று கம்ப்ரஸர் பக்கத்தில் இருந்தால் இன்னும் தெளிவு: கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கியரில் போட்டு பின் பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிளக் ஓட்டையில் காற்றை விட்டுக் கேளுங்கள். சைலன்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே கேட்டால் ரிங்.

சரி, பிளாக்கை, அதாவது போர் உள்ள சிலிண்டர் பகுதியைக் கழற்றியாயிற்று. போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டும். மேல் ரிங் அதற்கு மேல் ஏறுவதில்லை, அதனால் அங்கே உலோகம் தேயாமல் நிற்கிறது. அந்தப் படிக்கு உடனடியாகக் கீழேதான் தேய்மானம் அதிகம், அங்கே வெப்பமும் வாயு அழுத்தமும் உச்சம், ஆயிலோ குறைவு. அது வட்டமாகவும் தேயாது. பிஸ்டனைக் கிராங்கோடு (இன்ஜினின் சுழலும் தண்டோடு) இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் முன்-பின் திசையில்தான் சுவரை அழுத்துகிறது, ஆக அந்தத் திசையில் அதிகமாக, பக்கவாட்டில் குறைவாகத் தேய்ந்து போர் லேசான நீள்வட்டமாகிவிடும். அதனால்தான் மேலே, நடுவில், கீழே என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

போர் கேஜ் இல்லையா? ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் ஓரளவு தெரிந்துவிடும். ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளிச் சமமாக உட்கார வைத்து, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவெடுங்கள். முதலில் ரிங் போகாத அடிப்பகுதியில், பிறகு அதிகம் தேய்ந்த மேல்பகுதியில். விட்டம் கூடினால் சுற்றளவு அதைப்போல 3.14 மடங்கு கூடும் அல்லவா, அந்த வித்தியாசம் முழுவதும் ரிங் இடைவெளியில் வந்து நிற்கும். கீழே 0.25 மி.மீ., மேலே 0.55 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.30, அதை 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தேய்மானம். இது சராசரிதான், நீள்வட்டத்தைக் காட்டாது, ஆனாலும் லேத் பட்டறைக்குப் போகும் முன்பே நிலவரம் கையில் இருக்கும்.

எவ்வளவு தேய்ந்தால் போர் வேலை? உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் கணக்கு. பொதுவாகச் சின்ன இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே புதிதில் 0.01 முதல் 0.04 மி.மீ. போல இருக்கும், 0.1 மி.மீ. தாண்டினால் ஆயுள் முடிந்தது என்பார்கள். அந்த எல்லைக்குள் இருந்து, சுவரில் கீறலும் இல்லாவிட்டால் லேசாக ஹோனிங் செய்து (கல்லால் சுவரைத் தேய்த்துச் சீராக்கி) புது ரிங் போட்டாலே போதும். எல்லை தாண்டிய போரில் புது ரிங் போடுவது வீண்: வட்டமான ரிங் நீள்வட்டமான சுவரில் எப்படி உட்காரும்? சில மாதம் நன்றாக ஓடும், மறுபடி புகை.

போர் செய்வது என்று முடிவானால் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் (மூல அளவைவிடச் சற்றுப் பெரியவை) வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாக வரும். தேய்மானத்தைத் துடைத்தெடுக்கப் போதுமான மிகச் சிறிய அளவை எடுத்தால் அடுத்த முறைக்கும் உலோகம் மிச்சம் இருக்கும். அந்தப் பிஸ்டனையே பட்டறையில் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ற கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி) விட்டுப் போர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்டி மேல் போட்டிருக்கும் அளவை நம்பிப் போர் அடித்துவிட்டு, பிஸ்டனை அப்புறம் தேடுவது தலைகீழ் வேலை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் (வார்க்காமல், அழுத்தி அடித்துச் செய்தது) வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதைத் தயாரித்தவர் சொல்லும் கிளியரன்ஸ்தான் கணக்கு. அது சூட்டில் அதிகம் விரிவதால் இடைவெளி கூடுதலாக விட வேண்டியிருக்கும், குளிர்ந்த இன்ஜினில் டக் டக்கென்று சத்தமும் வரும், தினசரி ஓட்டும் பழைய வண்டிக்கு அவசியமே இல்லை. அலுமினிய பிளாக்கில் இரும்பு லைனருக்குப் பதில் நிகாசில் போன்ற பூச்சு இருந்தால் இந்தக் கதையே வேறு, அதைச் சாதாரணமாகப் போர் அடித்து ஓட்ட முடியாது, மறுபடி பூச வேண்டும் அல்லது பிளாக்கையே மாற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் ஒரே ஒரு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: போர் அடித்த பிறகு சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும், அவற்றை லேசாக மழுக்காமல் மாட்டினால் ரிங் மாட்டி உடையும்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைக் கழுவுவதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஹோனிங் செய்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும், ஆயில் தங்குவதற்கும் ரிங் உட்காருவதற்கும் அவை வேண்டும், ஆனால் ஹோனிங் கல்லின் பொடியும் அதே கோடுகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பெட்ரோலில் அலசினால் அது முழுசாகப் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, பிறகு ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் பட்டால் இன்னும் சுத்தமாகவில்லை, திரும்பவும் தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே வந்ததும் உடனே ஆயில் தடவிவிடுங்கள், இல்லையென்றால் கண் முன்னாலேயே துரு ஏறும்.

ஹெட்டைச் சும்மா விடாதீர்கள். கீழே புது ரிங் நன்றாக அடைத்துக்கொண்ட பிறகு, பழைய வால்வின் ஒழுகல் இன்னும் பளிச்சென்று தெரியும். வால்வு சீல்களைக் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். கைடில் வால்வை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் கைடும் மாற்ற வேண்டும், கைடை மாற்றினால் வால்வு மூடி உட்காரும் சீட்டையும் புதிதாக வெட்ட வேண்டும். வால்வைத் தேய்த்து உட்கார வைத்த பிறகு ஹெட்டில் வால்வுக்குப் பின்னால் உள்ள பாதையில் (போர்ட்டில்) கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி வையுங்கள், மறுபக்கம் கசிந்தால் வேலை முடியவில்லை. டைமிங் செயின், அதன் டென்ஷனர், செயின் கைடு ரப்பர் மூன்றும் கையோடு மாறட்டும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம், அது இருக்க வேண்டியதுதான். மேல்-கீழாகத் துளி ஆட்டம் இருந்தாலும் பிக் எண்ட் (ராட் கிராங்கோடு சேரும் அடிப்பகுதி பேரிங்) போய்விட்டது என்று அர்த்தம், அதன் மேல் புது பிஸ்டன் போடாதீர்கள். கிராங்கைப் பிரித்து ராட் கிட் போட்டு, திரும்ப அழுத்திச் சேர்த்து, சுற்றவிட்டு டயல் கேஜில் நேர் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். எல்லோரும் செய்கிற வேலை இல்லை அது.

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது, ஏன் தேய்ந்தது என்று தேடுவது. வெறும் வயது என்றால் பரவாயில்லை. ஆனால் கிழிந்த ஏர் ஃபில்டர், ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வெடித்த ரப்பர், இவை வழியாக நுழையும் தூசி போரை அரைத்துத் தின்றுவிடும். இன்டேக் பக்கப் பிஸ்டன் சுவரில் மங்கலாக, மணல் காகிதம் தேய்த்த மாதிரி இருந்தால் தூசியைச் சந்தேகப்படுங்கள். கார்புரேட்டரில் நீடிலும் நீடில் ஜெட்டும் தேய்ந்து பெட்ரோல் அதிகமாகப் போனால் அது சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் ஸ்ட்ரெய்னர், சில வண்டிகளில் கிராங்க் முனையில் சுழலும் கப் போன்ற ஃபில்டர், இரண்டையும் திறந்து சேற்றைத் துடையுங்கள். ஆயில் பம்ப்பையும் அளந்துவிடுங்கள்.

இப்போது பெரிய பிஸ்டன். ஹோண்டாவின் பழைய 97 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம், 50 மி.மீ. போர், 49.5 மி.மீ. ஸ்ட்ரோக். 1.00 மி.மீ. ஓவர்சைஸ் போட்டால் 101 சிசி, நாலு சிசி கூட ஏறவில்லை, அது ரிப்பேர்தான், அப்கிரேடு இல்லை. கிட் என்ற பெயரில் 54 மி.மீ. பிஸ்டன் போட்டால் 113 சிசி வரும், ஆனால் ஹெட்டில் உள்ள இடம் மாறாமல் இருந்தால் 9:1 ஆக இருந்த கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பது) 10.3:1-க்குத் தாவும். சாதாரணப் பெட்ரோலில் லோடு ஏறும்போது கிணிங் கிணிங்கென்று நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வரும், பிஸ்டனை ஓட்டை போடுவது அதுதான். குளிர வைக்கும் ஃபின்கள் பழைய அளவு, கிராங்க் பேரிங் பழைய அளவு, கிளட்ச் பழைய அளவு, லைனர் மட்டும் மெலிந்துவிட்டது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும், கிளட்ச் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், வண்டியின் பதிவுச் சான்றில் உள்ள சிசியும் பொருந்தாமல் போகும், இன்சூரன்ஸில் அது வம்பு. ஏற்கெனவே வயதான கிராங்கை வைத்துக்கொண்டு நான் இதைச் செய்யமாட்டேன்.

அப்கிரேடு ஆசையை வேறு இடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். பாயின்ட் செட் (ஸ்பார்க்கை இயக்கும் பழைய வகை சுவிட்ச்) உள்ள வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன், பழைய ரப்பர் ஆயில் சீல்களுக்குப் பதில் சூடு தாங்கும் வைட்டான் சீல், நல்ல கம்பெனி கிளட்ச் பிளேட், கார்புரேட்டருக்குப் புது நீடில் செட். ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறியீடு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், காருக்கான வழுக்கல் ஆயிலை ஊற்றினால் ஆயிலில் நனைந்து ஓடும் கிளட்ச் நழுவும்.

மாட்டும்போது: ரிங்கில் எழுத்து உள்ள பக்கம் மேலே, ரிங் வாய்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி. பிஸ்டன் பின் கிளிப் எப்போதும் புதிது, மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கிளிப் உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதுதான். ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சில், குறுக்காக, இரண்டு மூன்று சுற்றில். பிளக் இல்லாமல் கிக் அடித்து ஹெட்டுக்கு ஆயில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட்.

ஸ்டார்ட் ஆனதும் ஸ்டாண்டில் போட்டு மணிக்கணக்கில் ஐடிலில் ஓடவிடுகிற பழக்கம் வேண்டாம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் பின்னால் நுழையும் எரிந்த வாயுவின் அழுத்தம்தான், லோடு இல்லாமல் அந்த அழுத்தம் வராது, சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாகி ரிங் கடைசி வரை உட்காராமலே போகலாம். சூடானதும் சாலைக்கு எடுத்துப் போய், பாதி ஆக்சிலரேட்டர் வரை முறுக்கி ஏற்றுவது, விட்டு இறக்குவது, மறுபடி ஏற்றுவது என்று ஓட்டுங்கள். டாப் கியரில் திணறவிட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுங்கள், கொஞ்சம் பளபளப்பு மிதந்தால் அது ரிங் உட்கார்ந்த பொடி, துண்டு துண்டாக உலோகம் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு டேப்பட் கிளியரன்ஸையும் (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும்) அன்றைக்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், புது வால்வு சீட் உட்கார உட்கார அது குறையும்.