பாலிப்ரோப்பிலீனில் கிராஃபீன் ஆக்சைடு: வலிமை ஏன் குறைந்தது?

வணக்கம். பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் 3 சதவீதம் கிராஃபீன் ஆக்சைடு (ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிய மிக மெல்லிய கார்பன் தகடு) சேர்த்து 210 டிகிரி செல்சியஸில் உருக்கியபின் இழுவிசை வலிமை (இழுத்தால் அறுபடாமல் தாங்கும் திறன்) குறைந்து, மாதிரிகளில் குமிழிகளும் தெரிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் குமிழிகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 200 டிகிரியை ஒட்டியே கிராஃபீன் ஆக்சைடு சிதைந்து நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் விடும். ஈரத்தை முழுக்க உலர்த்தினாலும் இது நிற்காது.

இன்னொன்று, பாலிப்ரோப்பிலீன் முனைவற்றது (மூலக்கூறில் நேர், எதிர் மின்முனைகள் பிரிந்திருக்காது), ஆக்சைடு முனைவுள்ளது. அதனால் ஆக்சைடு பிளாஸ்டிக்கோடு ஒட்டாமல் கட்டி கட்டியாகத் திரளும், விரிசல் அங்கிருந்தே கிளம்பும். தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள். ஆக்சிஜன் மிகக் குறைவான கிராஃபீன் நுண்தகடுகளுக்கு மாறி, ஒட்டுதலுக்கு உதவும் மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரோப்பிலீனுடன் முதலில் செறிவான மாஸ்டர்பேட்ச் (பிறகு நீர்க்கச் செய்வதற்கான அடர் கலவை) செய்யுங்கள். அதை இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்து வெளித்தள்ளும் இயந்திரம்) சாதாரண பாலிப்ரோப்பிலீன் சேர்த்து, நுண்தகடு 0.5 சதவீதம் ஆகும்வரை நீர்த்துப்போகச் செய்து சோதியுங்கள். உடைந்த முகப்பின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.