18,000 சம்பளத்தில் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை, என்ன செய்யலாம்?

தக்கலையில் சொந்த வீடு, நாகர்கோவிலில் வேலை, 18,000 ரூபாய் சம்பளம், 23 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை இல்லை என்பதே பாதி வெற்றி. இதே சம்பளத்தில் சென்னையில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்!

மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சவே மிஞ்சாது. சம்பளம் ஏறிய மறுநாளே 4,000 ரூபாய் தானாகப் பிடிபடும்படி வங்கியில் ஒரு வருட ஆர்டி (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். கூகுள் பே இணைக்காத கணக்காக இருந்தால் நல்லது. மூன்று மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அப்புறம் தபால் நிலைய ஆர்டி: மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 வருடம். 12 தவணை கட்டியபின் அவசரத்துக்கு இருப்பில் பாதிவரை கடனாக எடுக்கலாம்.

சீட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம்ம மாவட்டத்தில் சீட்டு போடாத வீடு அபூர்வம்தான். ஆனால் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள்; நடத்துபவருக்கான கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. "தெரிஞ்ச அண்ணன் நடத்துறார்" என்பதெல்லாம் பதிவு ஆகாது. ஏலத்தில் தொகையைத் தள்ளுபடி செய்து சீட்டை எடுத்தால் கையில் வருவது குறையும், கட்ட வேண்டியதோ கடைசிவரை கட்டியாக வேண்டும்.

அம்மா நகை வாங்கச் சொல்வார். வாங்குங்கள், ஆனால் அதைச் சேமிப்பு என்று எண்ணாதீர்கள். செய்கூலியும் ஜிஎஸ்டியும் விற்கும்போது திரும்பி வராது.