யாரைக் கேட்டுப் பிரித்தார்கள்?

அன்புள்ள அண்ணா,

வல்லரசுகள் பிற நாட்டு அரசியலில் தலையிடுவதைக் கண்டித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். உடன்பட முடியவில்லை. 1948இல் இலங்கையில் நம் மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமை பறிபோனபோது இந்தியா கொழும்பை அதட்டியிருந்தால் தலைமுறை தலைமுறையாக நாடற்றவர்களாகக் கிடந்திருப்போமா? காணிக்கும் சம்பளத்துக்கும் இன்றும் அலைகிறோம். டில்லி தலையிட வேண்டும் என்று கேட்டு நண்பர்களோடு ஒரு மனு தயாரித்திருக்கிறேன். கையெழுத்திடுவீர்களா?

ஓர் ஆசிரியர், ஹட்டன்

அன்புத் தம்பி,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. களவாக வந்தவர்கள் என்று நம்மை இழித்த ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் நாம் நிற்கும் இந்த மண்ணிலேயே ஒரு தலையீடு நடந்திருக்கிறது. 1815இல் ஆங்கிலப் படை கண்டிக்குள் நுழைந்தது. உள்ளூர்ப் பிரதானிகளும் அதற்குத் துணை நின்றார்கள். கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுமையைக் காரணம் காட்டி, மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தமும் எழுதினார்கள். அந்தக் கொடுமை பொய்யல்ல. அரசனைப் பகைத்த பிரதானி எஹெலப்பொலவின் பிள்ளைகள் கொல்லப்பட்டதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அரசனை வேலூருக்கு அனுப்பினார்கள். அடுத்து 1817-18இல் ஊவாவில் குடிகள் கிளர்ந்தபோது, மீட்க வந்தவர்களே அவர்களுடைய வயலையும் வீட்டையும் எரித்தார்கள். 1840இல் ஒரு சட்டம் போட்டுக் காட்டையும் குடிகளின் சேனைப் பயிர் நிலத்தையும் முடிக்குரிய நிலமாக்கினார்கள். அந்த மலைகளில் கோப்பித் தோட்டம் போட நம் பாட்டன்மாரைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடத்தியே கொண்டுவந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். நிலமிழந்த கிராமத்தவர் கண்ணில் நாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து குடியேற்றிய கூட்டமானோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்கு அந்தப் பகையும் உரமிட்டது.

இந்தியா அதட்டியிருந்தால் என்கிறீர்கள். நம்மில் பெரும்பாலோர் இலங்கைக்கே உரியவர்கள் என்பது இந்தியப் பிரதமர் நேருவின் நிலைப்பாடு. அவர் மறைந்த அதே ஆண்டில், 1964 அக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நம்மில் 975,000 பேரைப் பங்கிட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். தோட்டத்தில் நாம் குடியிருக்கும் எந்த லயத்து வாசலுக்கும் வந்து, “உனக்கு எந்த ஊர் வேண்டும்?” என்று கேட்ட பிறகு போடப்பட்ட கணக்கல்ல அது.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட என் பெரியம்மா தலைமன்னார்க் கோச்சியில், அதாவது ரயிலில், ஏறியபோது எனக்கு எட்டு வயது. ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் அதைச் சொல்வோம். கோச்சி நகர்ந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மா கூடவே ஓடினார். பெரியம்மா நீலகிரியின் கோத்தகிரியிலும் போய்க் கொழுந்துதான் பறித்தார். இங்கே இந்தியாக்காரி, அங்கே சிலோன்காரி.

இலங்கையின் வடக்கில் 1987 ஜூலைக்குப் பின் அமைதி காக்கவென வந்திறங்கிய இந்தியப் படையை மாலையிட்டு வரவேற்ற மக்கள், அக்டோபரில் அதே படையின் ஷெல்லுக்கு அஞ்சிக் கோயில்களில் ஒதுங்கினார்கள்.

எந்நிலையிலும் தலையிடவே கூடாதா என்று கேட்பீர்கள். கம்போடியாவில் ஆட்சியாளர் பொல் பொட்டின் கொலைகளை 1979இல் நிறுத்தியது வியட்நாம் படை. அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வியட்நாம் பத்தாண்டுகள் அங்கிருந்து நகரவில்லை. அமெரிக்காவும் சீனாவுமோ, வியட்நாம் மீதும் சோவியத் மீதும் இருந்த பகையில், ஐ.நா. ஆசனம் பொல் பொட் தரப்பிடமே இருக்கத் துணை நின்றன. ஒரு மக்கள் கூட்டமே அழிக்கப்படும்போது கை கொடுப்பதை ஏற்பேன். அதற்குக் கீழ், இன்னொரு நாட்டில் யார் ஆள்வது, யார் எங்கே வாழ்வது என்பதைத் தீர்மானிக்க எந்தப் பெரிய நாட்டுக்கும் உரிமையில்லை.

உதவி வேறு. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை இந்திய உதவியில் எழுந்தது. நம் பெண்கள் அங்கே பிள்ளை பெறுகிறார்கள், அதற்கு நன்றி சொல்கிறேன். நம் உரிமைக்காக வெளியிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தாலும் மகிழ்வேன்.

உங்கள் மனுவை இரண்டு முறை வாசித்தேன். “மலையக மக்களின் பிரச்சினையை இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும்” என்ற மூன்றாவது பத்தியைப் படித்ததும் 1964தான் நினைவுக்கு வந்தது. அதை எடுத்துவிடுங்கள். காணியைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ எங்கே பேசினாலும் தோட்டத்து மக்கள், குறிப்பாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள், தாங்களே தெரிவுசெய்த பிரதிநிதிகளோடு அமர்ந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள். முகவரியில் கொழும்பை முதலில் போடுங்கள். திருத்தி அனுப்புங்கள் தம்பி, கையெழுத்திடுகிறேன்.